வீங்காத எட்டுக் கைகள்

கடமலைக்குண்டுக்குள் எங்கள் ஜீப் நுழையும்போது மணி பதினொன்று. சமையல்காரி சுப்புத்தாயைக் கைது பண்ணி ஏற்றிக்கொண்டு போக நாலு மணிக்கு வருவதாக சப்-இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். நடுவில் இருந்தது அஞ்சு மணி நேரம். கண்டமனூரில் ரேடியேட்டர் கொதித்து நின்றதில் முக்கால் மணி ஏற்கெனவே போயிருந்தது.

"ஜீப்புக்கு வயசாயிருச்சு அண்ணாச்சி" என்றாள் ஜெபராணி.

"ஜீப்பை மட்டும் சொல்லு தாயி. ஓட்டுறவனை அதுல சேர்க்காத."

நான் மொக்கைச்சாமி. முப்பத்தோரு வருசம் பஸ் ஓட்டினவன். படிப்பு அஞ்சாங்கிளாஸ். ஜெபராணி தேனி பஜாரில் இரும்புக்கடைக்காரர் மகள். பத்து வருசம் கோர்ட்டில் டைப் அடித்தவள். பொய்ச் சாட்சி எந்த வார்த்தைக்கு முன்னால் எச்சில் முழுங்குவான் என்பது அவளுக்கு அத்துப்படி. வேலையை விட்டுவிட்டு ஏலக்காய்க் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். அவள் யோசிப்பாள். நான் ஒருத்தனையும் நம்பமாட்டேன். ஆபீஸ் இப்படித்தான் ஓடுகிறது.

மூடிக் கிடந்த ஒரு கடலை மில்தான் இடம். வாசலில் பதினேழு கிழடுகள் ஆளுக்கொரு அலுமினியத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். தினமும் பத்தரைக்குச் சோறு போட்டுவிடுவார்களாம். இன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. சமைக்கிறவளைக் குடோனில் போட்டுப் பூட்டியாயிற்று. சாவி வீரபாண்டி என்கிறவன் இடுப்பில் தொங்கியது. ஆள் ஆறடி. போன மாதம் தாயைப் பறிகொடுத்தவன்.

எங்களை வரவழைத்த டாக்டர் வைகுண்டராஜ் உள்ளே கூட்டிப் போனார். தேனியில் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். மில் அவர் அப்பாவுடையது. நாற்பது வயசு இருக்கும். மூணு நாள் தாடி. டாக்டருமாரை நான் நம்புவதில்லை. தாடி வளர்த்த டாக்டரை அதிலும் நம்புவதில்லை.

"முதல்லருந்து சொல்லுங்க. இங்கன என்ன நடக்குது?" என்றாள் ஜெபராணி.

"மூச்சு விடுற காத்துலயே உடம்புக்குள்ள துரு மாதிரி ஒண்ணு உண்டாகுது மேடம். வயசு ஏற ஏற அது கூடும். நோயை எதிர்த்து நிக்கிற அணுக்களை அது அரிச்சிரும். நெல்லிக்காய், முருங்கைக்கீரை, பன்னீர் திராட்சை, அப்புறம் வைட்டமின் குளிகை ஒண்ணு. இதெல்லாம் துருவைத் தடுக்கிற சாமான். தினமும் குடுத்தா வயசானவுக உடம்புல தூங்கிப்போன காவல் திரும்ப முழிக்குதான்னு பாக்குறேன்."

"துருவுன்னா ரெட் ஆக்சைடு ஒரு கோட்டிங் அடிச்சா போதாதா டாக்டர்?" என்றேன். "எங்க ஜீப்புக்கு அப்படித்தான்."

அவர் சிரிக்கவில்லை. ஜெபராணி என் காலை மிதித்தாள்.

"காவல் முழிச்சிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"முன்கையில தோலுக்கடியில ஒரு சொட்டு மருந்து குத்துவேன். செத்த கிருமியோட சாறு. காவல் முழிச்சிருந்தா ரெண்டு நாள்ல அந்த எடம் வீங்கும். தூங்கிட்டிருந்தா ஒண்ணும் ஆகாது."

"எங்க தோட்டத்துல காவக்காரன் முழிச்சிருக்கானான்னு பாக்க கல்லு விட்டெறிவோம்" என்றேன். "நீங்க ஊசி விட்டெறியுறீக."

இதற்கு மட்டும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு சொன்னார். ஆனி மாதம் இருபது பேரைச் சேர்த்தார். ஆரம்பத்தில் குத்தியபோது இருபது பேருக்கும் வீங்கவில்லை. நாலு மாசம் இந்தச் சாப்பாடு. ஐப்பசியில் மறுபடி குத்தினார். பன்னிரண்டு பேருக்கு வீங்கியது. எட்டுப் பேருக்கு இல்லை. அந்த எட்டில் மூணு பேர் மார்கழிப் பனியில் சளிக்காய்ச்சல் கண்டு வரிசையாகப் போய்விட்டார்கள். வீரபாண்டியின் ஆத்தா அய்யம்மாள் அதில் ஒருத்தி.

"எழவு வீட்டுல நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன்" என்றார் டாக்டர். "இவுகளுக்குச் சத்து சேரவே இல்லையேன்னு. அவ்வளவுதான். சமைக்கிறவ எட்டுப் பேரோட குளிகையையும் நெல்லிக்காயையும் தள்ளிக்கிட்டுப் போயிட்டா, அதான் செத்தாகன்னு ஊரு முடிவு பண்ணிருச்சு."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

டாக்டர் தலையைத் தொங்கப் போட்டார். "ஒரே சட்டி. ஒரே பந்தி. எட்டுப் பேருக்கு மட்டும் ஏன் சேரலை? எனக்குத் தெரியலை மேடம். இந்த மாசக் கடைசியில, இதுக்குப் பணம் குடுக்கிற மதுரைக்காரவுகளுக்கு ரிப்போர்ட் போகணும். பன்னெண்டு பேருக்கு வீங்கியிருக்குன்னு போனா இன்னும் மூணு வருசம் இந்தச் சாப்பாட்டுக்கு அவுக பொறுப்பு. ஜெயமங்கலத்துலயும் ஒண்ணு ஆரம்பிக்கலாம். இல்லேன்னா ஒண்ணாந் தேதியோட அடுப்பை அணைச்சிர வேண்டியதுதான். என்னால தனியா முடியாது."

வெளியே தட்டு ஒன்று கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது.

குடோனுக்குக் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று உண்டு. வீரபாண்டி குறுக்கே வந்து நின்றான்.

"அவகிட்ட என்னங்க பேச்சு? எங்க ஆத்தா எண்பத்தோரு வயசுலயும் தானே தண்ணி தூக்குனா. இந்த முண்டை சத்தைத் திருடித் தின்னு கொன்னுட்டா."

"ஏலே, உங்க ஆத்தா சோத்தைத் திருடித் தின்ன உடம்பா அது?" என்றேன். ஜன்னலுக்குள் தெரிந்தவள் விறகுக்கட்டை மாதிரி இருந்தாள். "காத்தடிச்சா கம்பியைப் பிடிச்சுக்குவா போலிருக்கு. தள்ளு."

தள்ளினான். ஜெபராணி ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

"சுப்புத்தாயி, குளிகையை எடுத்தியா?"

அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"எடுக்கலைன்னா எடுக்கலைன்னு சொல்லு. நாலு மணிக்கு ஜீப் வருது."

உள்ளே இருந்தவள் எங்களைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். "உலை வச்சாகளா?" என்று கேட்டாள்.

"என்ன?"

"மணி பன்னெண்டு ஆகப்போகுதே. அவுகளுக்கு யாராச்சும் உலை வச்சாகளா?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வாங்க முடியவில்லை. ஜெபராணி திரும்பி நடந்தாள்.

"என்ன தாயி, எச்சில் முழுங்குனாளா?"

"அதான் இல்ல அண்ணாச்சி. பொய் சொல்றவ முழுங்குவா. நிரபராதி கத்துவா. இவ ரெண்டும் பண்ணலை. எதையோ கையில மூடி வச்சிருக்கா."

எனக்கு ஏற்கெனவே ஒருத்தன் மேல் சந்தேகம் விழுந்திருந்தது. கம்பவுண்டர் சீனிச்சாமி. குளிகை டப்பா அவன் பொறுப்பில். முடிக்குச் சாயம் அடித்திருந்தான். குளிகையைத் தேனிக்குக் கொண்டுபோய் விற்றிருப்பான் என்று நான் சொன்னேன். ஜெபராணி அவனிடம் குளிகையைக் கேட்காமல் நோட்டைக் கேட்டாள்.

நீளமான நோட்டு. முதல் பக்கத்தில் இருபது பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே வயசு, எந்தக் கையில் குத்தியது, எத்தனை மில்லிமீட்டர் வீங்கியது. முதல் எட்டுப் பெயருக்குக் கீழே சிவப்புப் பென்சிலில் கோடு.

"அண்ணாச்சி, வீங்காத எட்டு நம்பரைச் சத்தமாப் படிங்க."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு." நிறுத்தினேன். "இது என்ன, ஒண்ணாப்புப் பிள்ளை படிக்கிற மாதிரி இருக்கு?"

"வீங்கினது?"

"ஒம்பதுல ஆரம்பிச்சு இருபது வரைக்கும். ஒண்ணு பாக்கி இல்லாம."

ஜெபராணி பென்சிலால் காதைச் சொறிந்தாள். விஷயம் பிடிபடும்போது அப்படித்தான் செய்வாள். "சத்து சேரலைன்னா அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுன்னு சேராம இருக்கணும். திருடுனாலும் அப்படித்தான். எந்தச் சத்துக்கு, எந்த விஷத்துக்கு, எந்தத் திருடனுக்கு ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா எண்ணத் தெரியும்?"

"பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கிறவனுக்குத் தெரியும்."

"டாக்டர், இந்த நம்பர் எப்படிப் போட்டீங்க?"

"நான் போடலை. அவுகளே அப்படித்தான் வந்து நின்னாக. மூத்தவுக முதல்ல. பந்திக்கும் அப்படித்தான் உக்காருவாக. எண்பத்தாறு வயசுக்காரர் ஒண்ணாம் நம்பர். அறுபத்தோரு வயசுக்காரி இருபது. ஊசிக்குக் கூப்பிட்டப்பவும் சின்னவுக முன்னால வரமாட்டேன்னுட்டாக."

அந்த ஊர் மரியாதையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் செத்துப்போன மூணு பேர் நம்பரைப் பார்த்தேன். ஒன்று, மூன்று, நான்கு. எண்பத்தாறு, எண்பத்தொன்று, எண்பது. ஊரிலேயே கிழடு தட்டினவர்கள். மார்கழியில் அந்த வயசுக்காரர்கள் சாக ஒரு சமையல்காரியின் உதவி வேண்டியதில்லை.

"சாவுக்குக் காரணம் வயசு" என்றாள் ஜெபராணி. "அது புரியுது. வீக்கம் ஏன் எட்டோட நின்னு ஒம்பதுல ஆரம்பிக்குது? டாக்டர், கையைப் பார்த்த அன்னைக்கு எட்டுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?"

டாக்டர் யோசித்தார். "ஒண்ணும் நடக்கலையே. திங்கக்கிழமை சாயங்காலம் குத்துனேன். புதன்கிழமை சாயங்காலம் பார்க்க உக்காந்தேன். எட்டுப் பேரு முடிஞ்சுது. ஆஸ்பத்திரியில பிரசவக் கேஸுன்னு ஆள் வந்துச்சு. கெளம்பிட்டேன். மிச்சப் பன்னெண்டு பேரையும் மறுநாள் காலையில சீனிச்சாமி அளந்து எழுதுனான்."

"இந்தச் சிவப்புக் கோடு?"

"எட்டுப் பேருக்கும் வீங்கலையேன்னு மனசு விட்டுப்போச்சு. பின்னால கவனிக்கணும்னு பேருக்குக் கீழ கோடு போட்டேன்."

"எங்க உக்காந்து?"

"இதே மேஜை."

மேஜைக்குப் பக்கத்தில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே இப்போதும் தட்டோடு மூணு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் தலையை இழுத்துக்கொண்டார்கள்.

ஜெபராணி எழுந்தாள். "எல்லாரும் கையை நீட்டச் சொல்லுங்க."

பதினேழு பேரும் வரிசையாக நின்றார்கள், மூத்தவர் முதலில். ரெண்டாம் நம்பர் சங்கிலியம்மாள்தான் இப்போது முதல். எண்பத்து நாலு வயசு. வாயில் புகையிலை. "மறுபடி ஊசியா ஆத்தா?" என்று கையை நீட்டினாள். முதல் எட்டில் மிஞ்சிய அஞ்சு பேர் கையும் சுத்தம். சுருக்கமும் எலும்பும்தான்.

ஒன்பதாம் நம்பர் இடது கையில், முன்கை நடுவில், எட்டணா அளவுக்கு ஒரு கருந்தழும்பு. பத்தாம் நம்பருக்கும் அதே இடம், அதே அளவு. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. ரேஷன் கடை முத்திரை போட்ட மாதிரி.

"டாக்டர், நீங்க குத்துனா இப்படித் தழும்பு விழுமா?"

"விழாது" என்றார் டாக்டர். அவர் குரல் அப்போதே இறங்கிவிட்டது.

பதினான்காம் நம்பர் நல்லகண்ணு. அறுபத்தெட்டு வயசு. வெல்லம் காய்ச்சுகிற ஆலையில் இருந்தவர். பாகு தெறித்து இடது முன்கையில் கீழ்ப்பாதி முழுக்க வெந்து வழுவழுவென்று இருந்தது. அதற்கு மேலே, முழங்கைக்குக் கீழே கிடைத்த கொஞ்சம் நல்ல தோலில், அதே எட்டணாத் தழும்பு.

ஜெபராணி நோட்டைப் புரட்டினாள். "நல்லகண்ணு. குத்தியது வலது கை. டாக்டர் கையெழுத்து. வீக்கம் பதினாலு மில்லிமீட்டர். சீனிச்சாமி கையெழுத்து. சீனிச்சாமி, எந்தக் கையை அளந்தீங்க?"

சீனிச்சாமி சாயம் அடித்த தலையைச் சொறிந்தான். "எல்லாரும் இடது கையைத்தான் நீட்டுனாக. இவரும் நீட்டுனாரு. வீங்கியிருந்துச்சு. அளந்தேன்."

"ஊசி வலது கையில. வீக்கம் இடது கையிலயா?" என்றேன். "அப்ப காவக்காரன் முழிச்சிருந்தான். வழிதான் தெரியலை."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. கிழடுகள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். அந்த நிமிசம் எனக்கே தெரிந்துவிட்டது. சமையலறைக்குப் பின்னால் வேலியோரம் எருக்கு கிடந்ததை ஜீப்பை நிறுத்தும்போதே பார்த்திருந்தேன். சின்ன வயசில் காலில் முள் குத்தினால் எருக்கம்பால் வைப்போம். முள் வெளியே வரும். கொஞ்சம் கூடிப்போனால் தோல் வெந்து ரெண்டு நாளைக்கு வீங்கும். பிறகு கறுத்துத் தழும்பு விழும். ஜெபராணியிடம் சொன்னேன். இந்தக் கேஸில் நான் கண்டுபிடித்தது இது ஒன்றுதான். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

மறுபடி குடோன் ஜன்னல். வீரபாண்டியைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினோம்.

"எருக்கம்பால் வச்சது நீயா?" என்றாள் ஜெபராணி.

இப்போது சுப்புத்தாய் எச்சில் முழுங்கினாள்.

"டாக்டர் ஐயா சிவப்புப் பென்சிலால கோடு போட்டாக தாயி. எட்டுப் பேருக்கும். ஜன்னல் வழியா இவுக எல்லாரும் பாத்தாக. முன்ன பஞ்சத்துல சர்க்கார் கஞ்சி ஊத்துனப்ப, பேருல சிவப்புக் கோடு விழுந்தா மறுநாள் கஞ்சி கெடயாது. வீங்காட்டிச் சோறு கெடயாது போலன்னு ராத்திரி பூரா அழுதாக. எனக்குப் பொறுக்கலை. வரிசையா உக்கார வச்சுத் தடவி விட்டேன்."

"அந்த எட்டுப் பேரு?"

"அவுகளத்தான் ஏற்கெனவே பாத்து எழுதிட்டாகளே. என்ன செய்ய முடியும்? ஆனா மறுநாளும் அவுகளுக்குச் சோறு நிக்கலை. அப்பத்தான் தெரிஞ்சது, கோடுன்னா அது இல்லைன்னு. அதுக்குள்ள கம்பவுண்டர் எழுதிட்டாரு."

"இதை ஊருல சொல்லியிருந்தா உன்னைப் பூட்டியிருக்க மாட்டாங்களே. திருட்டும் இல்ல, கொலையும் இல்ல."

"சொன்னா அடுப்பு அணைஞ்சு போகும்ல." ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "நான் ஒருத்தி உள்ள போனா ஆறு மாசமோ ஒரு வருசமோ. ஜெயில்ல சோறு போடுவாகள்ல? இவுகளுக்கு யாரு போடுவா? கோடு விழுந்த அஞ்சு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். நீங்க வந்த வழியே போயிருங்க தாயி. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

ஜெபராணி அங்கிருந்து கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தாள். நானும் போனேன். மணி மூணு.

"என்ன பண்ணப் போற?"

"உண்மையைச் சொன்னா இவ வெளிய வருவா. பதினேழு பேருக்கும் சோறு போயிரும். சொல்லலேன்னா சோறு இருக்கும். இவ உள்ள போவா." அவள் பென்சில் காதுப் பக்கம் போகவே இல்லை. "எத்தனையோ கேஸ் பாத்துட்டேன் அண்ணாச்சி. கண்டுபிடிச்ச பிறகு கையைப் பிசைஞ்சிட்டு உக்காந்தது இதான் முதத்தடவை."

"மறைச்சிரு. அவதானே சொல்றா."

"செய்யாத கொலைக்கா?"

"அப்ப சொல்லிரு."

"நீங்க ஒரு பக்கமா நில்லுங்க அண்ணாச்சி."

"எந்தப் பக்கம் தாயி நிக்க? ரெண்டு பக்கமும் கிணறாத்தான் இருக்கு."

பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பினால் டாக்டர். குடோன் சுவரை ஒட்டி நின்றிருக்கிறார். எல்லாம் கேட்டிருக்கிறார். நாங்கள் சொல்லவேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. அதற்காக நிம்மதி வந்ததா என்றால் வரவில்லை.

"மறுபடி குத்திப் பார்க்கலாமே டாக்டர்?" என்றாள் ஜெபராணி. "கையில கட்டுப் போட்டு, காவலுக்கு ஆள் வச்சு."

"குத்துற மருந்து வெளிநாட்டுலருந்து வந்தது. கடைசிக் குப்பியும் அன்னைக்கே தீர்ந்துருச்சு. இன்னொண்ணு வர ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள இவுக பழைய கஞ்சிக்குத் திரும்பிருவாக. அப்புறம் எதைச் சோதிக்க?" அவர் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கு இது மட்டும் தெரிஞ்சாப் போதும் மேடம். எருக்கம்பால் இல்லாட்டியும் அந்தப் பன்னெண்டு பேருல யாருக்காவது வீங்கியிருக்குமா? ஒருத்தருக்காவது? பால் தடவுன எடத்துக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு இனி எவனாலயும் சொல்ல முடியாது. ஏழு மாசம். தெரியாமலே போச்சு."

நாங்கள் மில்லுக்குத் திரும்பினோம். வாசலில் நல்லகண்ணு எழுந்து நின்றார். தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாக்டரைக் கும்பிட்டார்.

"ஐயா, ஊசி போட்ட கையத்தான் காட்டியிருக்கணுமாய்யா? சுப்புத்தாயி இடது கையன்னா, நீட்டுனேன். கம்பவுண்டரும் இடது கையன்னாரு, நீட்டுனேன். வலது கைய யாருமே கேக்கலைய்யா."

"பரவாயில்ல பெரியவரே. உக்காருங்க."

"அதுவும் வீங்கித்தான் இருந்துச்சு."

டாக்டர் நின்றார்.

"எது?"

"வலது கை. ஊசி போட்ட எடம். ரெண்டு நாளு ஒரே அரிப்பு. செவசெவன்னு தடிச்சுப்போச்சு."

"அதுல எருக்கம்பால் வச்சாங்களா?" என்றாள் ஜெபராணி.

"இல்ல தாயி. அது முன்னாடியே வீங்கிருச்சு. கொசுக்கடின்னு நெனச்சேன்."

டாக்டர் அவர் வலது கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். தோல் சுத்தமாக இருந்தது. நல்ல வீக்கம் தழும்பு வைக்காமல் வடிந்துவிடும் போல. கள்ள வீக்கம்தான் தடம் விட்டுப் போகிறது.

"எவ்வளவு பெரிசு?"

"அரைநெல்லிக்காய் இருக்கும்யா."

"யாராவது பார்த்தாங்களா? யாருகிட்டயாவது காட்டுனீங்களா? சொல்லுங்க பெரியவரே."

நல்லகண்ணு யோசித்தார். அவர் யோசித்து முடிக்கிறவரைக்கும் டாக்டர் கையை விடவில்லை.

"அய்யம்மாகிட்டக் காட்டுனேன். அடுத்த வீடுதானே. சுண்ணாம்பு தடவுடான்னா. அவதான் பாத்தா."

அய்யம்மாள். மூன்றாம் நம்பர். தண்ணீர்ச் சொம்போடு வந்த வீரபாண்டி தன் ஆத்தா பெயரைக் கேட்டு அப்படியே நின்றான்.

டாக்டர் நோட்டை எடுத்தார். பதினான்காம் நம்பரில் பேனாவை வைத்தார். எழுதவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு பேனாவை மூடினார்.

"எழுதுங்களேன் டாக்டர்" என்றேன். பொய் எழுதச் சொல்லவில்லை, கேட்டதைத்தான் எழுதச் சொன்னேன்.

"பன்னெண்டு பேரு எருக்கம்பால் தடவிக்கிட்டாங்க, அதுல ஒருத்தர் மூணு மாசம் கழிச்சு இன்னொரு கை நெசமாவே வீங்குச்சுன்னு சொல்றார், பார்த்த சாட்சி செத்துப்போச்சு. இதை எழுதுனா நீங்க நம்புவீங்களா அண்ணாச்சி?"

நான் யாரையும் நம்பாதவன். நல்லகண்ணு முகத்தைப் பார்த்தேன். அவர் எச்சில் முழுங்கவில்லை. ஜெபராணியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன சப்-இன்ஸ்பெக்டர் மூணே முக்காலுக்கே வந்தார். தப்புப் பண்ணத்தான் இவர்கள் முன்னாடியே வருவார்கள் என்று நினைத்தேன். டாக்டரே முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னார். சிவப்புக் கோடு, எருக்கம்பால், வயசு வரிசை. தாம் எழவு வீட்டில் சொன்ன வார்த்தை. சப்-இன்ஸ்பெக்டருக்குப் பாதி புரியவில்லை. கேஸ் இல்லை என்பது மட்டும் புரிந்தது. தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீரபாண்டி குடோனைத் திறந்தான். சாவியைச் சுப்புத்தாய் கையில் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் அதை வாங்கி மூலையில் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள்.

ஒண்ணாந் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

அஞ்சு மணிக்குச் சோறு வெந்தது. முருங்கைக்கீரை, பருப்பு, ஆளுக்கு ஒரு நெல்லிக்காய். மில்லுக்குள் பாய் விரித்தார்கள். சுப்புத்தாய் கரண்டியோடு வாசலில் நின்று வழக்கம்போலக் கூப்பிட்டாள்.

"மூத்தவுக மொதல்ல வாங்க."

ஒருத்தரும் அசையவில்லை.

காலையிலிருந்து பட்டினி. வயிறு ஒட்டிக் கிடக்கிறது. ஆனாலும் யாரும் வரவில்லை. டாக்டர் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். சாவும் இந்த வரிசைப்படி மூத்தவரிலிருந்துதான் எடுக்கிறது என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். சங்கிலியம்மாள் தட்டை மாரோடு அணைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த கிழவரைப் பார்த்தாள்.

"நீ போ. எனக்கு என்ன அவசரம்?"

"நீதானே மூத்தவ."

"யாரு சொன்னா? எங்க ஆத்தா வயசு கூட்டிச் சொல்லிட்டா."

சின்னதாக ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. மறுபடி அசைவில்லை. சுப்புத்தாய் கரண்டியைத் தாழ்த்தினாள். அவள் கண் வாசல் முழுக்கச் சுற்றி என்மேல் வந்து நின்றது.

"உங்களுக்கு என்ன வயசுங்க?"

"அறுபத்தேழு."

"அப்ப பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல. நீங்க போயி உக்காருங்க. அவுக தன்னால வருவாக."

ஜெபராணியைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பசியில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். காலி மில்லுக்குள் போய், பாயை எண்ணிக்கொண்டு, நல்லகண்ணு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டுகள் கல்லில் உரசுகிற சத்தம் ஒவ்வொன்றாக உள்ளே வந்தது. யார் முதலில் வந்தார்கள் என்று நான் தலை தூக்கிப் பார்க்கவில்லை.

சுப்புத்தாய் என் தட்டில் நெல்லிக்காயை வைத்துவிட்டுப் போனாள். துருவைத் தடுக்குமாம். காவலை எழுப்புமாம். எனக்கு நம்பிக்கையில்லை.

கொட்டை வரைக்கும் கடித்துத் தின்றேன்.